வடை தெரிந்தால் நிறுத்து

எங்கள் தெருவில் யார் போர் போட்டாலும் முதலில் என்னிடம் வந்து இடம் கேட்பார்கள். நான் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எண்ணெயையே கண்டுபிடித்தவளுக்குத் தண்ணீர் எம்மாத்திரம் என்பது அவர்கள் எண்ணம். எனக்குத் தண்ணீர் பார்க்கத் தெரியாது என்று சொன்னால் நம்புவதில்லை, தலைக்கனம் என்று நினைக்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் வாசலுக்கு வந்து ஏதோ ஒரு மூலையைக் கையால் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இரண்டு வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது. உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் கிடைக்காத மரியாதை அந்த இரண்டு போரில் கிடைத்தது.

நான் செய்த வேலை வேறு. பாறைக்கு வயது சொல்வது. எண்ணெய் தேடித் துளை போடும்போது கீழேயிருந்து கல் சில்லுகள் மேலே வரும். அந்தச் சில்லுகளுக்குள் ஒரு காலத்தில் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் கூடுகள் கிடக்கும். ஃபோராம் என்போம். ரவையை விடச் சிறியவை. காலத்துக்குக் காலம் அவற்றின் வடிவம் மாறியிருப்பதால், எந்தக் கூடு வருகிறது என்று பார்த்து, துளை எந்தக் காலத்துப் பாறைக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதைத்தான் முப்பது சொச்ச வருடம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலி இன்னும் இருக்கிறது.

ஓய்வு பெற்றதும் திருவண்ணாமலையில் வீடு வாங்கியதற்குச் சொந்த ஊர் பக்கம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இங்குள்ள பாறை. உயிர்கள் கூடு கட்டக் கற்றுக்கொள்வதற்கு வெகுகாலம் முன்பே உருவானது. எவ்வளவு உடைத்தாலும் ஒரு ஃபோராம் கிடைக்காது. மாடியில் குடியிருக்கும் ஜெர்மன்காரர் மலைக்கு என்ன வயது என்று அடிக்கடி கேட்கிறார். ஊரே சாமியாகக் கும்பிடும் மலைக்கு வயது சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆசிரமத்தில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

போன பௌர்ணமிக்குக் கவிதா கிரிவலம் வந்தாள். என் பழைய அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். லாட்ஜில் எங்கும் இடமில்லை, என் வீட்டில் தங்கினாள். காலையில் காபி குடிக்கும்போது வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"மேடம், இப்ப நாங்க ஃபோராம் பொறுக்கற பிரஷ்ஷே தொடறதில்ல. மிஷினே படம் எடுத்துப் பேரையும் சொல்லிடுது."

"தப்பா சொன்னா?"

"ரொம்ப கம்மி மேடம்."

"அந்தக் கம்மியைத் தப்புன்னு யாரு சொல்றாங்க?"

கவிதா பாதத்தைத் தேய்த்தாள். "அதுக்குத்தான் மேடம், உங்களை எழுதித் தரச் சொல்லலாம்னு இருந்தேன். அந்தக் காலத்துல தப்பை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு. புதுசா வந்தவங்களுக்கு உதவியா இருக்கும்."

எழுதுகிறேன். ஒரே ஒரு தப்பைப் பற்றி.

படித்த கதையைச் சுருக்கிவிடலாம். கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை போடும் குடும்பம். பிடித்தோ பிடிக்காமலோ நிலவியல் கிடைத்தது, படித்தேன். சென்னையில் எண்ணெய் தேடும் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அப்பா என்ன வேலை என்று கேட்டார். மண்ணுக்குள் இருக்கும் பூச்சிக் கூடுகளைப் பார்க்கிற வேலை என்றேன். "அதுக்கு எதுக்கு மெட்ராஸ் போவணும்? நம்ம கொல்லையிலயே ஜாஸ்தி கெடக்குதே" என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் என் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆய்வகத்துக்குத் தலைவர் ரங்கநாதன் சார். அவருடைய நகங்கள் எப்போதும் நீலமாக இருக்கும். காரணம் இருக்கிறது. துளையிலிருந்து வரும் சில்லுகளைச் சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் ஊறவைப்போம். ஊறியதும் கல் நெகிழ்ந்து கரையும். அதை மெல்லிய சல்லடையில் ஊற்றிக் குழாயடியில் கழுவினால் களிமண் எல்லாம் போய் ஃபோராம்கள் மட்டும் தங்கும். அடுத்த மாதிரியைக் கழுவும் முன் சல்லடையை நீலச் சாயத்தில் முக்கி எடுப்போம். முந்தைய மாதிரியின் கூடு ஏதாவது சல்லடைக் கண்ணில் சிக்கியிருந்தால் அது நீலமாகிவிடும். பிறகு அது எங்கே கிடைத்தாலும் வேற்றாள் என்று தெரிந்துவிடும். இந்தச் சாயம் முக்கும் வேலையைச் சார் யாரிடமும் விடமாட்டார். தேர்தல் இல்லாத வருடத்திலும் பத்து விரலிலும் ஓட்டுப் போட்டவர் மாதிரி இருப்பார்.

சுத்தம் என்பது அவருக்கு ஒரு பைத்தியம். கழுவாத மாதிரியை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். இரண்டாவது பைத்தியம், பெயர் சொல்ல விடமாட்டார். புதிதாக வந்தவர்கள் ஆர்வத்தில் பார்த்தவுடன் பெயரைச் சொல்வார்கள். "உங்கிட்ட வந்து சொல்லிச்சா?" என்று கேட்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது. "முதல்ல வரை. பேரை அப்புறம் கேக்கலாம்." நாங்கள் பென்சிலால் வரைவோம். வரையும்போதுதான் விளிம்பு ஒன்றா இரண்டா, வாய் எந்தப் பக்கம் என்பதெல்லாம் கண்ணில் படும். பாதிப் பெயர்கள் வரைந்து முடிப்பதற்குள் மாறிவிடும். நன்றாக வரைந்தால் பாராட்டுவார் என்று நினைக்க வேண்டாம். அடுத்த மாதிரியைத் தள்ளுவார், அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. துளையின் சுவர் நின்ற இடத்தில் நிற்காது. மேல் அடுக்கின் மண் உதிர்ந்து கீழே விழுந்து, அடியிலிருந்து வரும் சில்லுகளோடு கலந்து மேலே வரும். மேலே இருப்பது வயதில் இளையது, கீழே இருப்பது மூத்தது. ஆகவே ஒரு மாதிரியில் இளையதும் மூத்ததும் கலந்து வந்தால், இளையது மேலிருந்து விழுந்தது, மூத்ததுதான் இருக்கும் இடம் என்று எடுத்துக்கொள்வோம். மூத்ததை முதல்முதலாகப் பார்க்கும் ஆழத்தைத்தான் அந்த அடுக்கின் தொடக்கம் என்போம்.

இதை வைத்துச் சார் காவிரிப் படுகைக்கு ஒரு விதி எழுதியிருந்தார். அங்கே எண்ணெய் தங்கும் மணற்கல், இளைய அடுக்கின் அடியில், மூத்த அடுக்கின் தலைமேல் இருக்கும். மூத்த அடுக்குக்கு அடையாளமாக ஒரு ஃபோராம் உண்டு. வட்டமாக, தட்டையாக, இரட்டை விளிம்போடு இருக்கும். அதன் லத்தீன் பெயர், துளை போடும் ரிக்கில் யார் வாயிலும் நுழையவில்லை. வடை என்றார்கள். மணற்கல்லைப் பார்க்காமலேயே வடையைப் பார்த்துவிட்டால் அந்த இடத்தில் மணற்கல் இல்லை என்று அர்த்தம், துளைப்பதை நிறுத்திக் கிணற்றைச் சிமெண்ட் போட்டு மூடிவிடலாம். அதுதான் விதி. படுகை முழுவதும் அதைத்தான் பின்பற்றினார்கள். "வடை தெரிஞ்சா நிறுத்து" என்று ரிக்கில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவார்கள்.

ஒருமுறை கடலோரத்தில் நெல் வயல்களுக்கு நடுவே துளைத்துக்கொண்டிருந்த கிணற்றில், எதிர்பார்த்ததை விட மேலேயே வடை வந்துவிட்டது. சாரையும் என்னையும் ஜீப் அனுப்பிக் கூப்பிட்டார்கள். நாங்கள் போனபோது சிமெண்ட் லாரி வந்து வரப்போரம் நின்றிருந்தது. ரிக்கின் பொறுப்பாளரை எல்லோரும் சீஃப் என்பார்கள். நல்ல மனிதர், ஆனால் அடுத்த இடத்துக்கு ரிக்கைக் கொண்டுபோகும் அவசரத்தில் இருந்தார்.

"சார், வடை வந்துடுச்சு. நீங்க பாத்துட்டு ஒரு தலையாட்டினா போதும், மூடிடலாம்" என்றார்.

ஆய்வுக்கென்று நிறுத்தியிருந்த வண்டிக்குள் ஏறினோம். சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே மாதிரிகளைக் கழுவினார். நான் உட்கார்ந்து பார்த்தேன். வடை இருந்தது, சந்தேகமில்லை. கூடவே இளைய ஃபோராம்களும் இருந்தன. விதிப்படி இளையவை மேலிருந்து விழுந்தவை. ஆனால் வடைகளை வரைய ஆரம்பித்தபோது எனக்கு உறுத்தியது. எல்லாம் ஒரே அளவு. ஒரு கடலில் குட்டியும் சாகும் கிழடும் சாகும், கூடுகள் சிறிதும் பெரிதுமாகத்தானே கிடக்க வேண்டும். இவை யாரோ சலித்து எடுத்துப் போட்டவை மாதிரி இருந்தன. இரட்டை விளிம்பு தேய்ந்திருந்தது, நிறம் பழுப்பு. பக்கத்தில் கிடந்த இளையவையோ கண்ணாடி மாதிரி புத்தம் புதிதாக இருந்தன.

"சார், இந்த வடை எல்லாம் எங்கியோ இருந்து அடிச்சிக்கிட்டு வந்தது மாதிரி இருக்கு சார்" என்றேன். மூத்த பாறை எங்கோ அரித்துக் கரைந்து, அதிலிருந்த கூடுகள் பிற்காலக் கடலில் வந்து படிந்திருக்கலாம். செத்தவர்களின் எலும்பு, பிற்பாடு வீடு கட்டும் மணலில் கலந்து வருவதுபோல. அப்படியென்றால் நாங்கள் இன்னும் இளைய அடுக்கில்தான் இருக்கிறோம். மணற்கல் கீழே இருக்கிறது.

"இல்ல, இளசுங்க மேலேருந்து உதிர்ந்திருக்கும்மா" என்றார் சார். ஆனால் தலையாட்டவில்லை.

இரண்டுமே நடக்கக்கூடியதுதான். சார் சரி என்றால் அன்று மாலைக்குள் கிணற்றில் சிமெண்ட் இறங்கிவிடும். சரியில்லை என்றால், ஊரெல்லாம் பின்பற்றும் அவருடைய விதி தப்பு. எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் தோற்பதை என் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. அதைவிட, ஒன்றும் சொல்லாமல் ஜீப்பில் திரும்பிப் போகப் பயமாக இருந்தது.

எதனால் இதைத் தீர்க்க முடியவில்லை என்று யோசித்தேன். கழுவிய மாதிரியில் எல்லாக் கூடுகளும் தனித்தனியாகக் கிடக்கின்றன. யார் யாரோடு ஒரே கல்லுக்குள் இருந்தார்கள் என்பதற்குக் கல்தான் சாட்சி. அந்தச் சாட்சியை நாங்கள்தான் காலங்காலமாகச் சோடா உப்பில் ஊறவைத்து, குழாயடியில் கரைத்து, சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தோம். அதுவும் மிகச் சுத்தமாக.

"சார், கழுவாம பாக்கணும்."

"அழுக்கையா?"

"அழுக்கோடதான் சார்."

சார் எழுந்து வெளியே போய்விட்டார். குழாயடியில் ஏற்கெனவே சுத்தமாக இருந்த சல்லடையைக் கழுவும் சத்தம் கேட்டது. நான் பையில் மீதியிருந்த சில்லுகளை அப்படியே தட்டில் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சேறு அப்பிய சில்லுகள். பெரும்பாலானவற்றில் ஒன்றுமில்லை. சீஃப் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார். லாரிக்காரர் வண்டி நிழலிலேயே சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டை விரித்துப் படுத்துவிட்டார். மதியத்துக்கு மேல் ஒரு சில்லில் கண்ணாடி மாதிரி இளைய ஃபோராம் ஒன்று பாதி புதைந்திருந்தது. அதற்கு ஒட்டினாற்போல ஒரு பழுப்பு வடை.

நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. வரைந்தேன். வரைந்ததை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நீட்டினேன். சார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் ஊசி கேட்டார். வடை சேற்றால் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, கல்லுக்குள்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துச் சில்லின்மேல் விட்டார். சேறு கரைந்து வழிந்தது. வடை அசையவில்லை. ஊசியால் மெல்ல நெம்பினார். அப்போதும் அசையவில்லை. இரண்டும் ஒரே கல்லுக்குள், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மேலிருந்து விழுந்த கூடு கல்லுக்குள் போய் உட்கார முடியாது.

சார் எழுந்து வெளியே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"மூடாதீங்க. இன்னும் கீழ போங்க."

"வடை வந்துடுச்சே சார்?"

"அது பழைய வடை."

"ஊசிப்போனதா சார்?" என்றார் சீஃப். சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. "சார், விதி நீங்க எழுதினதுதானே?"

"ஆமா, நான்தான் எழுதினேன். தப்பா எழுதியிருக்கேன்."

இதை அவர் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார். லாரிக்காரரை எழுப்பி அனுப்பினார்கள்.

மேலும் துளைத்தார்கள். மணற்கல் வந்தது. நான் நினைத்தபடியே கீழே, நல்ல மணற்கல், எண்ணெய் தங்கத் தோதான மணற்கல். அதில் உப்புத் தண்ணீர் இருந்தது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. சிமெண்ட் லாரி மறுபடி வந்தது, அதே லாரிக்காரர். இந்தத் தரம் அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எதற்கு என்று தெரியவில்லை.

கிளம்பும்போது சீஃப் சாரைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"சார், எப்படியும் கிணறு காலிதான். அன்னிக்கே மூடியிருந்தாலும் இதேதான். விதி பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும். நாங்க யாரும் வெளிய சொல்ல மாட்டோம்."

அவர் மனதார உதவி செய்ய நினைத்தார். சார் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். "இந்தக் கிணறு காலி. மத்தது?"

ஜீப் சிதம்பரம் தாண்டியது. சார் என்னைப் பார்க்காமலேயே கேட்டார். "வசந்தா, நான் நிறுத்தச் சொன்ன கிணறுங்களோட சில்லு, கழுவாதது, கிடங்குல மீதி இருக்குமா?"

"மூட்டை மூட்டையா இருக்கு சார்."

"நல்லது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

அவர் ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. அந்தச் சமயத்தில் மனிதர்கள் மேஜையைக் காலி செய்வார்கள், இவர் கிடங்கைக் காலி செய்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார் என்று அலுவலகத்தில் பேசினார்கள். மண் என்றது சரிதான். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, அவர் வாழ்நாளெல்லாம் வெறுத்த அழுக்குச் சில்லுகளைத் தட்டில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மாதங்களில் அவர் நகங்களின் நீலம் போய்விட்டது. சாதாரண நகம்தான் உள்ளே இருந்தது.

பெரும்பாலான கிணறுகளில் விதி சரியாகத்தான் இருந்தது. சிலவற்றில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு கிணற்றில், வடையும் இளையதும் ஒரே சில்லுக்குள் இருந்தன. அந்தக் கிணறு அவர் வார்த்தையால் மூடப்பட்டது. "மணற்கல்லை எட்டுவதற்கு முன்பே என் தவறான விதியால் இது நிறுத்தப்பட்டது, இதன் பக்கத்தில் மறுபடி துளைக்க வேண்டும்" என்று மேலிடத்துக்கு எழுதினார். விதியைத் திரும்பப் பெறுவதாகப் படுகையிலிருந்த எல்லா ரிக்குக்கும் தெரிவித்தார். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை.

பிரிவுபசார விழாவில் பேசிய பெரிய அதிகாரி, வடை விதியைத் தந்த மேதை என்று சாரைப் புகழ்ந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. சார் சால்வையோடு எழுந்துபோய் மைக்கைப் பிடித்து, "அந்த விதி தப்பு, எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பலமாகக் கைத்தட்டினார்கள். மைக் அன்று சரியில்லை.

அதற்குப் பிறகு அவர் வேலூர்ப் பக்கம் போய்விட்டார். நான் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வேன். மழை உண்டா என்று கேட்பார், கிணற்றைப் பற்றிக் கேட்கமாட்டார். நானும் சொல்லமாட்டேன், சொல்ல ஒன்றும் இல்லை. வருடங்கள் போய், புதிதாக வந்த மேலதிகாரி ஒருவர் பழைய கடிதங்களைப் புரட்டியதில் சார் எழுதியது அகப்பட்டு, அந்த மூடிய கிணற்றின் பக்கத்தில் ரிக்கை நிறுத்தினார்கள். மாதிரி பார்க்க என்னை அனுப்பினார்கள். வடை வந்தது, பழுப்பாக, தேய்ந்து. யாரும் நிறுத்தவில்லை. அதற்குக் கீழே மணற்கல் வந்தது. மணற்கல்லிலிருந்து எரிவாயு வந்தது. நல்ல அழுத்தத்தோடு, எரியவிட்டால் பக்கத்து வயல்களில் வேலை செய்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கும்படி வந்தது.

ரிக்கிலிருந்து பக்கத்து ஊருக்குப் போய் எஸ்டிடி பூத்தில் நுழைந்தேன். கண்ணாடிக் கதவு சாத்தவில்லை, தாழ்ப்பாள் உடைந்திருந்தது.

"சார், வசந்தா பேசறேன். கேஸ் வந்துடுச்சு சார். உங்க கெணத்துப் பக்கத்துல."

சார் உடனே கேட்டார்.

"நான் நிறுத்தச் சொன்ன ஆழத்துலருந்து எவ்ளோ கீழ?"

மறைக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லிவிட்டேன். "நம்ம ஆபீஸ் கட்டடத்து உயரம்கூட இல்ல சார்."

நான் அவர் வருத்தப்படுவார் என்று காத்திருந்தேன். இவ்வளவு பக்கத்தில் வந்து நின்று, போதும் என்று சொல்லியிருக்கிறார்.

"அப்ப நான் தப்புன்னு எழுதினது சரிதானேம்மா?" என்றார்.

அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அவரோடு வேலை பார்த்த அத்தனை வருடத்தில், எதையும் யாரிடமும் சரிதானே என்று அவர் கேட்டதும் இல்லை.

"சரிதான் சார்."

"காது சரியா கேக்கலம்மா. இன்னொரு தரம் சொல்லு."

காது கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூத்துக்காரரும் வெளியே வரிசையில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி, சத்தமாக மறுபடியும் சொன்னேன்.